கவிதை, அறிவியல், தத்துவம் மூன்றும் சேரும் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கவிதை வாசிக்கிறோம். இரண்டு வருஷமாக, விஞ்ஞானிகள் எழுதிய கவிதைகளையும் விஞ்ஞானத்தைத் தொட்டுக்கொண்டு எழுதப்பட்ட கவிதைகளையும் அங்கே எடுத்துப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். நான் சொன்ன பதில்களை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

கவிதை ஒரு பக்கம், சயின்ஸ் ஒரு பக்கம், தத்துவம் ஒரு பக்கம். மூன்றையும் ஏன் சார் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறீர்கள்?

நான் கலக்கவில்லை. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தவை, பிறகு பாகம் பிரிந்தவை. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்' என்றுதான் வரும். இயற்பியல் என்பதை அன்றைக்குத் தத்துவத்தின் ஒரு பிரிவாகவே நினைத்தார்கள். விஞ்ஞானி என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்று வழங்குகிற சொல் 1830-களில்தான் உண்டானது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், கி.மு. முதல் நூற்றாண்டில், ரோமாபுரியின் லுக்ரீஷியஸ் அணுக்கொள்கை முழுவதையும் ஆறு பாகமாக, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் செய்யுளாகவே எழுதினார்.

நம் பக்கம் பார்த்தால், புறநானூற்றின் இரண்டாம் பாட்டு 'மண் திணிந்த நிலனும், நிலம் ஏந்திய விசும்பும்' என்று ஐந்து பூதங்களையும் ஒன்றோடொன்று கோத்துச் சொல்லிவிட்டுத்தான் அரசனைப் புகழவே தொடங்குகிறது. ஆகவே இன்றைய கவிஞர்கள் செய்வது பிரிந்தவர்கள் மறுபடி பேசிக்கொள்கிற மாதிரியான காரியம். இடையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிறையக் கற்றுவிட்டார்கள் என்பதால் பேச்சு முன்னைப்போல் சுலபமாக இல்லை, அவ்வளவுதான்.

அறிவியல் கவிதை என்றால் குழந்தைகள் பாடப்புத்தகத்தில் கிரகங்களைப் பற்றி வருகிற பாட்டு மாதிரியா?

இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, மனப்பாடம் செய்ய உதவும். நான் சொல்கிற கவிதை தகவல் சொல்ல வந்தது இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: கவிதையிலிருந்து அறிவியலை உருவி எடுங்கள். அப்புறமும் அது அப்படியே நின்றால், அறிவியல் அங்கே தோரணம் மட்டும்தான். 'உன் காதல் ஒரு கருந்துளை' என்கிற வரியில் கருந்துளைக்குப் பதில் பாழுங்கிணறு என்று போட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

குறைகிற கவிதைக்கு ஓர் உதாரணம். செக் நாட்டில் மிரோஸ்லாவ் ஹோலுப் (1923–1998) என்று ஒருவர் இருந்தார். நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சியாளர். பகலெல்லாம் ஆய்வகத்தில் எலிகளோடும் வெள்ளணுக்களோடும் இருந்துவிட்டுக் கவிதை எழுதினார். முதல் தொகுப்பு 1958-இல் வந்தது. நுண்ணோக்கியில் பார்ப்பதைப் பற்றி அவர் ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். கண்ணாடித் தகட்டுக்குக் கீழே கனவு காணும் நிலப்பரப்பு தெரிகிறது, பாழ்பட்ட நிலா மாதிரி. அங்கேயும் மண்ணை உழுகிற ஜனங்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டுக்காக உயிரைக் கொடுக்கிற போர்வீரர்களைப் போல செல்கள் இருக்கின்றன. வெள்ளணு உடம்பைக் காக்கப் போராடிச் சாவதைத் தினமும் கண்ணால் பார்த்தவர் எழுதியது இது. நுண்ணோக்கியை எடுத்துவிட்டால் கவிதையே இல்லை.

எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் ரசனை போய்விடாதா? வானவில் என்னவென்று தெரிந்தபிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இதே வருத்தம் ஆங்கிலக் கவி கீட்ஸுக்கும் இருந்தது. 1817 டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓர் ஓவியர் வீட்டு விருந்தில், நியூட்டன் வானவில்லை வெறும் முப்பட்டகத்து நிறங்களாக்கி அதன் கவிதையையே அழித்துவிட்டார் என்று கீட்ஸும் எழுத்தாளர் சார்ல்ஸ் லாமும் பேசிக்கொண்டார்கள். 1820-இல் வந்த கீட்ஸின் நெடுங்கவிதை ஒன்றிலும் அந்தக் குறை வருகிறது: குளிர்ந்த தத்துவம் வானவில்லின் நெசவைப் பிரித்துப் போட்டுவிடும் என்கிறார். 'தத்துவம்' என்று அவர் சொல்வது முதல் பதிலில் சொன்ன பழைய பொருளில், அதாவது அறிவியல். இத்தனைக்கும் கீட்ஸ் மருத்துவம் படித்துத் தேறியவர்.

எனக்குக் கீட்ஸைப் பிடிக்கும். ஆனால் இந்த இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. காரணம் ஒரு ரப்பர் குழாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாலை நான்கரை மணிக்கு மைதானத்துக்குக் கூட்டிப்போய், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைச் சாரலாகத் தூவுவேன். வில் தெரியும். அதன் மையம் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். தேடிக் கண்டுபிடிப்பார்கள்: அவரவர் தலையின் நிழல் விழுகிற இடம்தான் மையம். அங்கிருந்து ஏறக்குறைய 42 பாகை விலகிய துளிகள்தான் நிறம் காட்டும். பக்கத்தில் நிற்கிறவளின் தலை நிழல் வேறு இடத்தில் விழுகிறது. ஆகவே அவள் பார்க்கும் வில் வேறு துளிகளால் ஆனது.

ஒரு வருஷம் இதைச் சொன்னதும் ஒரு பெண், "அப்போ சார், இது எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு அடி தள்ளி நின்று, வில்லும் கூடவே நகர்கிறதா என்று பார்த்தாள். 42 பாகை அறிவியல். வில் என்று வெளியே ஒரு பொருள் இருக்கிறதா, இல்லை நம் கண்ணோடு சேர்ந்துதான் இருக்கிறதா என்பது தத்துவம். 'எனக்கு மட்டும்தானா' என்ற கேள்வி கவிதை. மூன்றும் எங்கே சேருகின்றன என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது அந்த நாலரை மணி மைதானத்தைத்தான். விளக்கம் தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது.

சூத்திரம், அளவு என்று வந்துவிட்டால் கற்பனைக்குக் கையைக் கட்டிவிட்ட மாதிரி ஆகாதா?

கட்டுகிறது, உண்மைதான். அதைப் பற்றியே ஹோலுப்பிடம் ஒரு கவிதை இருக்கிறது. ஜிட்டோ என்று ஒரு மந்திரவாதி. ராஜாவை மகிழ்விக்கத் தண்ணீரை மதுவாக்குவான், தவளைகளைப் பணியாட்களாக்குவான், எலியை மந்திரியாக்குவான். இன்னும் ஏதாவது நினைத்துக் காட்டு என்கிறார் ராஜா. கறுப்பு நட்சத்திரம் நினை. நினைத்துவிடுகிறான். உலர்ந்த தண்ணீர் நினை. அதுவும் ஆகிறது. அப்போது ஒரு மாணவன் வந்து, சைன் ஆல்ஃபா என்கிற முக்கோணவியல் அளவு, ஒன்றைவிடப் பெரிதாக இருப்பதை நினைத்துக் காட்டு என்கிறான். ஜிட்டோ வெளிறிப்போகிறான். மன்னிக்கவும், சைன் கூட்டல் ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில்தான் இருக்கும், அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு அரசவையைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். அவன் வீடு ஒரு கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிறது.

முதலில் வாசித்தபோது மந்திரவாதி தோற்றான் என்று நினைத்தேன். இப்போது ராஜாதான் தோற்றார் என்று படுகிறது. எலியை மந்திரியாக்கு என்றால் ஆக்கிவிடுகிற சபையில், ராஜ ஆணைக்கும் வளைந்துகொடுக்காத ஒரு விஷயம் வந்து நிற்கிறது. சர்வாதிகார ஆட்சிக்குள் இருந்துகொண்டு ஹோலுப் எழுதினார். 1970-களில் அவர் கவிதைகள் அங்கே அச்சேறத் தடையே இருந்தது. அப்படிப்பட்டவருக்கு சைன் அட்டவணை விலங்கா, சுதந்திரமா என்று யோசித்துப் பாருங்கள். வெண்பாவுக்குத் தளை கட்டுகிற நமக்கு, கட்டுக்குள் இருந்துதான் சில விஷயங்கள் பிறக்கும் என்பது புதிதும் இல்லை.

சயின்ஸ் படிக்காதவர்கள் இப்படி எழுத முடியுமா? நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப்.

தாராளமாக. விஞ்ஞானிகளாகவே இருந்து எழுதியவர்கள் உண்டு: ஹோலுப், 1981-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய ரோல்ட் ஹாஃப்மன், கடைசிப் பதிலில் வரப்போகிற ரெபெக்கா எல்சன். ஆனால் போலந்துக் கவி விஸ்வாவா சிம்போர்ஸ்கா விஞ்ஞானி இல்லை. அவர் பை என்ற எண்ணைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். வரிகளுக்கு நடுவே மூன்று புள்ளி ஒன்று நான்கு ஒன்று, ஐந்து ஒன்பது இரண்டு என்று இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். உலகத்திலேயே நீளமான பாம்பும் பத்துச் சொச்சம் மீட்டரில் முடிந்துபோகிறது, இது முடிவதில்லை என்பார். நடுவில் சட்டை அளவு, தொலைபேசி எண், ஆறாவது மாடி மாதிரியான சில்லறை விஷயங்கள் அந்த இலக்கங்களோடு கலந்து ஓடும். இதற்குத் தேவைப்பட்ட கணிதம் எட்டாம் வகுப்புக் கணிதம்தான்.

1996-இல் நோபல் பரிசு ஏற்றபோது அவர் பேசிய பேச்சில் 'எனக்குத் தெரியாது' என்ற சின்ன வாக்கியத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். நியூட்டன் தனக்குள் அதைச் சொல்லியிருக்காவிட்டால், தோட்டத்தில் ஆப்பிள்கள் ஆலங்கட்டி மழையாய் விழுந்திருந்தாலும் குனிந்து பொறுக்கித் தின்றிருப்பார், அவ்வளவுதான் என்றார். கவிஞனும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். நீங்கள் எந்தக் குரூப் என்பது பிரச்சினை இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாமல் இருந்தால் போதும்.

அறிவியல் கவிதையின் பொருளில் மட்டும்தான் வருமா? வடிவத்தில் வராதா?

வரும். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் டேனிஷ் கவி இங்கர் கிறிஸ்டென்சன் 1981-இல் எழுதிய நெடுங்கவிதை. அதன் பெயர் 'அகரவரிசை' என்ற பொருள் தருவது. முதல் பகுதி ஒரே வரி: சர்க்கரைப் பாதாமி மரங்கள் இருக்கின்றன என்று மட்டும், இரண்டு முறை. டேனிஷில் அது 'அ' எழுத்தில் தொடங்கும். அடுத்த பகுதி இரண்டு வரி, அடுத்த எழுத்து. அப்புறம் மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற ஃபிபொனாச்சி வரிசை. சூரியகாந்திப் பூவில் விதைகள் அமைந்திருக்கும் சுருள்களை எண்ணினாலும் பெரும்பாலும் இந்த எண்களே கிடைக்கும்.

நாலாவது பகுதி ஐந்து வரி. 'ட' எழுத்து. புறாக்கள் இருக்கின்றன, கனவு காண்பவர்கள், பொம்மைகள் இருக்கின்றன, கொலைகாரர்கள் இருக்கிறார்கள், மூடுபனியும் டயாக்ஸின் என்ற விஷமும் இருக்கின்றன, நாட்கள் இருக்கின்றன, மரணம் இருக்கிறது, கவிதைகள் இருக்கின்றன. டேனிஷில் இத்தனையும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. இயற்கை எப்படி வளர்கிறதோ அதே கணக்கில் கவிதை வளர்கிறது, வளர வளர உள்ளே அணுகுண்டும் வருகிறது. பதினான்காவது எழுத்தான 'என்' வந்ததும் நின்றுவிடுகிறது. கணிதத்தில் எந்த முழு எண்ணுக்கும் குறியாகப் போடுகிற எழுத்து அது. 'இருக்கிறது' என்ற ஒரு வினைச்சொல்லை அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவதுதான் இதன் தத்துவம். புறாவுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே வினைமுற்று.

சரி, கவிதை அறிவியலிடம் வாங்கியிருக்கிறது. திருப்பி ஏதாவது கொடுத்திருக்கிறதா?

இப்போது சொன்ன வரிசையையே கொடுத்திருக்கிறது! ஃபிபொனாச்சி தன் புத்தகத்தை எழுதியது 1202-இல். அதற்கு முன்பே இந்தியாவின் யாப்பிலக்கண ஆசிரியர்கள் இதே எண்களைக் கண்டுவிட்டார்கள். விரகாங்கர் சொன்னார், 1150 வாக்கில் ஹேமசந்திரரும் சொன்னார். சமஸ்கிருத, பிராகிருதச் செய்யுளில் குற்றசைக்கு ஒரு மாத்திரை, நெட்டசைக்கு இரண்டு. அப்படியானால் நான்கு மாத்திரையுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்?

நம் குறில், நெடில் என்றே வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுங்கள். நான்கும் குறில்: ஒரு விதம். ஒரு நெடில், இரண்டு குறில்: நெடில் முதலில், நடுவில், கடைசியில் என்று மூன்று விதம். இரண்டு நெடில்: ஒரு விதம். மொத்தம் ஐந்து. மூன்று மாத்திரைக்கு மூன்று விதம், ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம். ஏன் இப்படி? எந்த அடியும் ஒன்று குறிலில் முடியவேண்டும், இல்லை நெடிலில் முடியவேண்டும். குறிலை எடுத்தால் ஒரு மாத்திரை குறைந்த அடி மிச்சம், நெடிலை எடுத்தால் இரண்டு மாத்திரை குறைந்த அடி மிச்சம். ஆகவே முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. சந்தத்தை எண்ணியவர்களுக்குக் கிடைத்த கணிதம் இது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் நாளில் எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று, அறிவியல் பேசுவதே உவமையில்தான். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தார். சிறு சிறு அறைகளாகத் தெரிந்தது. சிற்றறையைக் குறிக்கும் சொல்லால் 'செல்' என்று பெயர் வைத்தார். தமிழில் அதற்குக் கண்ணறை என்றும் ஒரு சொல் உண்டு. இலங்கையில் கலம் என்பார்கள். எல்லாமே உவமைகள். அணுக்கருவுக்குள் இருக்கும் துகளுக்கு 1964-இல் 'குவார்க்' என்று பெயர் வைத்த இயற்பியலாளர் கெல்மன், ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலில் வரும் ஒரு பாட்டு வரியிலிருந்து அந்த எழுத்துக்கூட்டை எடுத்தார்.

தமிழில் இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா, இல்லை எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானா?

பாரதியிலிருந்தே தொடங்கலாம். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. தமிழ்க் கணக்கில் சாதாரண வருஷம். 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று அவர் பாடினார்:

தினையின் மீது பனைநின் றாங்கு
மணிச்சிறு மீன்மிசை வளர்வால் ஒளிதரக்
கீழ்த்திசை வெள்ளியைக் கேண்மைகொண் டிலகும்
தூம கேதுச் சுடரே வாராய்!

தினையளவு தலை, அதன் மேல் பனை உயரத்துக்கு வால். வானில் தெரிந்ததை இதைவிடத் துல்லியமாகப் படம் பிடிக்க முடியாது. இன்னும் கொஞ்சம் போனால், அந்த நெடுவால் 'எண்ணிலா மென்மை இயன்றதோர் வாயுவால்' ஆனது என்கிறார்கள், அது பூமியைத் தொட்டாலும் ஏழைகளுக்கு இடர் செய்யாது போகும் என்கிறார்கள் என்று எழுதுகிறார். அந்த மே மாதம் பூமி வாலின் வழியே போகப்போகிறது, வாலில் விஷவாயு இருக்கிறது என்று மேல்நாட்டு நகரங்களிலேயே பீதி கிளம்பியிருந்தது. பாரதி இங்கே உட்கார்ந்துகொண்டு சரியான விஷயத்தை, அது மிக மிக மெல்லிய வாயு என்பதை, ஆசிரியப்பாவில் வைத்துவிட்டார். அப்புறம், இதையெல்லாம் அன்னியர் சொல்லித்தானே தெரிந்துகொண்டோம், நம்மிடையே தெளிந்தவர் இல்லையே என்று வருந்துகிறார். கடைசியில் உன் வரவால் எங்களுக்கு ஞானம் மீண்டும் வரும் என்கிறார்களே, 'அது பொய்யோ, மெய்யோ?' என்று வால்நட்சத்திரத்தையே கேட்கிறார். பதில் சொல்லாமல் கேள்வியிலேயே நிறுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குப் பிந்தி, திருகோணமலையில் பிறந்த பிரமிள் (1939–1997). ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதினார். சூரியனைக் குருட்டு வெண்விழியாகக் காட்டித் தொடங்கும். அதில் 'எங்கே' என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல் தள்ளி, இமயத்தில் இருந்து, நைவேத்தியத்தைக் குருக்கள் தின்றுவிட்டதால் இளைத்துப்போன நெஞ்சைத் தொட்டு 'இங்கே' என்பான் சிவன். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே எண். அதே வாக்கியத்தில் கோயில் மடைப்பள்ளியும் வருகிறது. மொழிபெயர்ப்பாக ஒலிக்காமல் தமிழில் இந்தச் சேர்க்கையைச் செய்ய முடியும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் கவிதையைத்தான் கொடுப்பேன்.

ஆனால் சார், நம் பழைய பாட்டுகளிலேயே பெருவெடிப்பு, அணு எல்லாம் இருக்கிறதே. அவர்களுக்கு அப்போதே தெரியும்தானே?

இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தெரியாது. அப்படிச் சொல்வது அந்தப் பாட்டுகளுக்கு மரியாதையும் இல்லை.

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியைப் பாருங்கள். நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்கள் 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய' இறைவன் முன் சிறியவையாகின்றன என்கிறார் மாணிக்கவாசகர். இல்லுக்குள் நுழைகிற வெயில் கீற்றில் மிதக்கும் தூசுபோல. முதல் பதிலில் சொன்ன லுக்ரீஷியஸும் இதே கீற்றையும் இதே தூசையும் பார்த்தார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: கூரையில் ஓடு விலகிய இடத்தில் ஒரு வெள்ளைக் கம்பு சாய்ந்து இறங்கும், அதற்குள் தூசு ஏறும், இறங்கும், சுழலும்.

லுக்ரீஷியஸ் அதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் உள்ளே மோதுவதால்தான் தூசு ஆடுகிறது என்று வாதிட்டார். அவர் பார்த்த ஆட்டத்தில் பெரும்பங்கு காற்றோட்டத்தால் வருவது. ஆனால் எண்ணம் சரியான திசையில் இருந்தது. 1827-இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த துணுக்குகள் தண்ணீரில் ஓயாமல் ஆடுவதைப் பார்த்தார். 1905-இல் ஐன்ஸ்டீன் அதற்கு மூலக்கூறுகளின் மோதல் காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். மாணிக்கவாசகருக்கு அணுவை நிரூபிக்கிற வேலையே இல்லை. அவர் அளவைப் பற்றிப் பேசினார், நாம் எவ்வளவு சிறியவர்கள் என்று. ஒரே தூசு ஒருவருக்குச் சான்று, இன்னொருவருக்கு வியப்பு. மாணிக்கவாசகரை இயற்பியலாளர் ஆக்கினால் அந்த வியப்பு நம் கையை விட்டுப் போய்விடும்.

கவிதையில் அறிவியல் தப்பாக இருந்தால் தள்ளிவிட வேண்டுமா?

தப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீட்ஸ் 1816-இல் எழுதிய புகழ்பெற்ற சானெட்டில், அதாவது பதினான்கு அடிக் கவிதையில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து பசிபிக் கடலை முதலில் கண்ட ஐரோப்பியனாக கோர்தேஸைச் சொல்லிவிட்டார். உண்மையில் அது பால்போவா. கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது புதிதாகக் காண்பதன் திகைப்பைப் பற்றியது. ஆனால் கவிதையின் பாரம் முழுவதும் தவறான இடத்தில் நின்றால் இடிந்துவிடும். 'ஆயிரம் ஒளியாண்டுகள் உனக்காகக் காத்திருந்தேன்' என்ற வரியை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! ஒளியாண்டு என்பது தூரத்தின் அளவு. காத்திருக்க அதில் இடமில்லை.

இன்னொரு வகைத் தப்பு 'குவாண்டம்' என்ற சொல்லை மந்திரம்போல ஓதுவது. பார்த்தால் பொருள் மாறும் என்று குவாண்டம் இயற்பியல் சொல்கிறது, ஆகவே நினைத்ததெல்லாம் நடக்கும் என்பார்கள். மேலே சொன்ன ஜிட்டோ அரசவையைவிட்டுப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இருந்த நேர்மை கவிஞனுக்கும் வேண்டும். கலைச்சொல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கருந்துளை, மரபணு மாதிரி வாயில் படிந்துவிட்ட சொல்லை எழுதுங்கள். படியாததற்கு எலக்ட்ரான் என்றே எழுதுங்கள், தப்பில்லை.

பாக்டீரியாவுக்குள் கவிதை எழுதினார்களாமே, நிஜமா?

நிஜம். கனடாக் கவி கிறிஸ்டியன் பொக் ஒரு சிறு கவிதையை மரபணுச் சங்கேதமாக மாற்றி ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார். அந்த மரபணுவைப் படித்து பாக்டீரியா உண்டாக்குகிற புரதத்தை அதே சங்கேதத்தில் வாசித்தால் இன்னொரு கவிதை கிடைக்கும்படி அமைத்தார். 2011-இல் அது பலித்ததாக அறிவித்தார். இன்னொரு பக்கம், 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தில் அமெரிக்கக் கவி ஏடா லிமோன் எழுதிய கவிதை, அவர் கையெழுத்திலேயே டான்டலம் என்ற உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 2030-இல் வியாழனைச் சேரும்.

இரண்டும் அழகான காரியங்கள். ஆனாலும் கவிதையை எங்கே வைக்கிறோம் என்பதைவிடக் கவிதைக்குள் என்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். உருவி எடுத்துப் பார்க்கிற சோதனையை இவற்றுக்கும் வைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரி. நெருங்கினவர் செத்துப்போனால் இந்த மாதிரிக் கவிதை ஆறுதல் தருமா? கடவுள் இருக்கிற பாட்டுதானே அப்போது கைகொடுக்கும்?

கடவுள் இருக்கிற பாட்டு கைகொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நானும் பிடித்துக்கொண்டது உண்டு. கூடவே ரெபெக்கா எல்சனையும் சொல்கிறேன். மான்ட்ரியலில் 1960-இல் பிறந்தவர், வானியலாளர். ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படங்களில் கோளக் கொத்துகளை, அதாவது லட்சக்கணக்கான பழைய நட்சத்திரங்கள் உருண்டையாய்த் திரண்ட கூட்டங்களை, ஆராய்ந்தவர். மிக மங்கலான நட்சத்திரங்களைத் தேடினார். பிரபஞ்சத்தின் விரிவை இழுத்து நிறுத்தும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத எடை இருக்கிறதா என்பது அந்தக் காலத்துப் பெரிய கேள்வி. அதைப் பற்றியும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இருபத்தொன்பது வயதில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1999-இல் 39 வயதில் இறந்தார். கவிதைகள் 2001-இல்தான் புத்தகமாக வந்தன.

சாவுப் பயத்துக்கு மாற்றுமருந்து என்று அவர் எழுதிய கவிதையில், சில இரவுகளில் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைத் தின்கிறார். மிளகுபோல் காரமாக இருக்கும், எல்லாம் உள்ளே போகும்வரை தின்கிறார். சில இரவுகளில் பிரபஞ்சம் இளசாக, ரத்தம்போல் வெதுவெதுப்பாக இருந்த காலத்துக்குள் தன்னைக் கலக்கிவிடுகிறார். அங்கே இன்னும் நட்சத்திரமாகாத ஒளி மூடுபனிபோல் மிதக்கிறது. நாம் எல்லோரும் உருவம் எடுக்காமல் ஏற்கனவே அதில் இருக்கிறோம். கடைசியில் மூதாதையரின் எலும்புகளுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கிறார். மண்டையோடுகள் கிடக்கிற நிலத்தில் நடக்கிறார். அவை ஒவ்வொன்றும் அவருக்குக் கூட்டுப்புழுவின் கூடாகத் தெரிகிறது: இதை விட்டுப் போனது எதுவோ, அது சிறகோடு பறந்துபோயிருக்கிறது.

இதில் மறுபிறப்பு இல்லை, வாக்குறுதியும் இல்லை. நம் உடம்பின் கார்பனும் இரும்பும் நட்சத்திரங்களில் சமைந்தவை என்று அவருக்கு வேலைநிமித்தமாகவே தெரியும், அதைத்தான் நாக்கில் வைத்துப் பார்க்கிறார். போன வருஷம் எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது, கணவரை இழந்து மூன்று மாதமாகியிருந்த ஒரு அக்கா வந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அந்த மிளகு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதித் தாங்க தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.